ஹெலிகாப்டர் சிமுலேட்டர்: டிரிம்மைச் சரிபார்த்த பிறகு பிள்ளைகளை உட்கார வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரில் நம் பிள்ளைகளுக்காக நடந்த ஒரு தொழில் வழிகாட்டி நிகழ்ச்சியைப் பற்றி எழுதுகிறேன். நடத்தியவர்கள் யார் என்று சொல்லப்போவதில்லை. நல்ல மனதோடு, கைக்காசையும் போட்டு நடத்தியவர்கள் அவர்கள். மண்டபத்தின் ஒரு மூலையில் ஹெலிகாப்டர் சிமுலேட்டர் வைத்திருந்தார்கள். பெரிய திரை, காலுக்குப் பெடல், இடது கைக்கு ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும் கலெக்டிவ் நெம்புகோல், வலது கைக்கு உள்ளே மோட்டார் வைத்துக் கைக்கு இழுப்புத் தரும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஜாய்ஸ்டிக். நீளமான வரிசையும் அங்கேதான்.

படிவம் மூன்று படிக்கும் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்தாள். தரையிலிருந்து மெதுவாகத் தூக்கினாள், கொஞ்சம் ஆடினாலும் ஒரே இடத்தில் நிறுத்தினாள். இது எவ்வளவு கடினம் என்று ஹெலிகாப்டர் பக்கம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பிறகு ஸ்டிக்கை முன்னால் தள்ளி வேகம் எடுத்தாள். பக்கத்தில் நின்ற தொண்டூழியர், "இப்போ டிரிம் பொத்தானை அழுத்திவிடு, கையை அசைக்காதே" என்றார். அவள் சொன்னபடியே செய்தாள். பொத்தானை விட்ட அடுத்த நொடி ஹெலிகாப்டர் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு இறங்கியது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள், திரும்பவும் அதே கதி. "ஹெலிகாப்டர் எல்லாருக்கும் வராதும்மா, நீ விமானம் ஓட்டிப் பாரு" என்றார் அவர். பிள்ளை ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களில் ஒரு பையனைத் தவிர மற்றவர்களும் அதே இடத்தில், அதே விதமாகத்தான் விழுந்தார்கள்.

எனக்கு மனசு ஆறவில்லை. நான் பல ஆண்டுகள் திரங்கானு, கெர்த்தேயில் எண்ணெய் மேடைகளுக்குப் போய்வரும் சூப்பர் பூமா ஹெலிகாப்டர்களில் மின்சார, கருவிப் பகுதிப் பராமரிப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தப் பிள்ளையின் கையில் ஒரு குறையும் இல்லை. சிமுலேட்டரின் அமைப்பில் ஒரு டிக் போடாமல் விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். கூட்டமாக இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். மாலை வரை அப்படியே ஓடியது.

டிரிம் என்றால் என்னவென்று முதலில் சொல்கிறேன். ஹெலிகாப்டரில் ஸ்டிக், அதாவது சைக்ளிக், பறக்கும்போது நடுவில் நிற்பதே அபூர்வம். வேகம் எடுத்தால், மேலே சுற்றும் சுழலியில் முன்னோக்கி வரும் இறக்கைக்குக் காற்று கூடுதலாகவும் பின்னோக்கிப் போகும் இறக்கைக்குக் குறைவாகவும் கிடைக்கிறது. அதன் விளைவாகச் சுழலி பின்பக்கம் சாயப் பார்க்கும், மூக்கு எழும்பும். அதைத் தடுக்க ஸ்டிக்கை முன்னால் தள்ளியே வைத்திருக்க வேண்டும். அந்தரத்தில் சும்மா நிற்கும்போதும் வால் சுழலி ஹெலிகாப்டரை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அமெரிக்க ஹூயி ஹெலிகாப்டரில் அது வலப்பக்கம் தள்ளும், ஆகவே ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ரஷ்ய மி-8, பிரெஞ்சு சூப்பர் பூமா போன்றவற்றில் மேல் சுழலி எதிர்ப்பக்கம் சுற்றுவதால் எல்லாம் நேர்மாறு. மணிக்கணக்கில் இப்படிப் பிடித்துக்கொண்டிருந்தால் எந்தப் பைலட்டின் தோளும் கடுக்கும்.

அதற்குத்தான் டிரிம். ஹூயியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ராலிக் உதவி இருப்பதால் சுழலியின் இழுப்பு பைலட்டின் கைக்கு வருவதில்லை, ஸ்டிக் சொத்தென்று கிடக்கும். கைக்கு ஒரு பிடிமானம் தர ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். அந்த ஸ்பிரிங்கின் மறுமுனையை ஒரு காந்த பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்டிக்கில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் பிரேக் விட்டுவிடும், ஸ்பிரிங்குக்குப் பிடிப்பு இல்லை, ஸ்டிக் தாராளமாக எந்தப் பக்கமும் போகும். வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்ப் பொத்தானை விட்டால் பிரேக் அந்த இடத்திலேயே கவ்விக்கொள்ளும். இனி ஸ்பிரிங்குக்கு நடு என்பது அந்த இடம்தான். நான் வேலை பார்த்த சூப்பர் பூமாவில் உறுப்புகள் வேறு, ஆனால் பைலட்டின் கைக்குக் கிடைக்கும் பலன் இதேதான். பொத்தானை விட்டதும் எதுவும் நகரக்கூடாது. கையும் நகராது, ஹெலிகாப்டரும் நகராது. கைக்கு இருந்த பாரம் மட்டும் இறங்கும்.

வீட்டில் வைத்து விளையாடும் சாதாரண ஜாய்ஸ்டிக்கில் இது நடக்க வழியில்லை. அதன் ஸ்பிரிங்கின் நடு தொழிற்சாலையிலேயே முடிவானது, நகராது. ஆகவே சிமுலேட்டர் செய்தவர்கள் ஒரு மாற்று வழி வைத்தார்கள். பொத்தானை விட்டதும் ஸ்டிக் அப்போது இருந்த இடத்தைச் சிமுலேட்டர் நினைவில் வைத்துக்கொள்ளும். நாம் ஸ்டிக்கை நடுவுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும். கொண்டுவராமல் அங்கேயே பிடித்திருந்தால், நினைவில் இருக்கும் அளவும் கையில் இருக்கும் அளவும் சேர்ந்து இரட்டிப்பாகிவிடும், கடைக்காரர் ஒரே பொருளுக்கு இரண்டு முறை விலை போட்ட மாதிரி. இதைத் தவிர்க்க டிசிஎஸ் என்ற கணினிச் சிமுலேட்டரில் இன்னொரு முறையும் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால், ஸ்டிக் நடுவுக்குத் திரும்பும் வரை கையின் அசைவைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. உதவிதான், ஆனால் அந்தச் சில கணங்களுக்கு ஹெலிகாப்டர் நம் கையில் இல்லை. மரங்களுக்கு நடுவில் இறங்கும்போது அது நல்லதல்ல.

ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஜாய்ஸ்டிக்கில் ஸ்பிரிங்குக்குப் பதில் மோட்டார் இருக்கிறது. விண்டோஸில் சிமுலேட்டர் அதற்கு அனுப்பும் கட்டளை எளிமையானது: ஸ்பிரிங்கைப் போல இழு, இவ்வளவு பலத்தோடு இழு, நடு இந்த இடம். டிரிம் பொத்தானை விட்டதும் அந்த நடு மட்டும் மாறும். உண்மையான காந்த பிரேக் செய்வதையே மோட்டார் செய்துவிடுகிறது. ஆனால் இதற்கு இரண்டு காரியம் ஒன்றாக நடக்க வேண்டும். மோட்டார் தன் நடுவை நகர்த்த வேண்டும், சிமுலேட்டர் தன் நினைவுக் கணக்கைக் கூட்டாமல் இருக்க வேண்டும். சிமுலேட்டரின் அமைப்பில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்ற கட்டத்தில் டிக் இல்லையென்றால், அது இந்த ஸ்டிக்கையும் சாதாரண ஸ்டிக் என்றே நினைத்துக்கொள்ளும். அன்று மண்டபத்தில் நடந்தது இதுதான். தொண்டூழியர் சொன்ன "கையை அசைக்காதே" என்பது ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டிக்குக்குச் சரியான பாடம். அமைப்போ சாதாரண ஸ்டிக்குக்கானது. சொன்னதைச் சரியாகக் கேட்ட பிள்ளைதான் தோற்றாள். சொல் பேச்சுக் கேட்காமல் கையை இழுத்த ஒரு பையன் மட்டும் தப்பித்தான்!

நான் இதைப் படித்துவிட்டு மட்டும் சொல்லவில்லை. செந்தூலில் என் அக்கா மகன் வீட்டில் பழைய மைக்ரோசாஃப்ட் சைடுவிண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2 ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஜாய்ஸ்டிக் செய்வதை 2003-இல் நிறுத்திவிட்டது. ஆனாலும் ஹெலிகாப்டர் பிரியர்கள் அதை இன்னும் தேடித் தேடி வாங்குகிறார்கள், காரணம் இந்த டிரிம்தான். அவனும் நானும் உட்கார்ந்து அதில் பார்த்த சங்கடங்களைச் சொன்னால் மற்றவர்களுக்கும் பயன்படும்.

ஹூயியில் பறந்து, ஸ்டிக்கை முன்னால் வைத்து டிரிம் போட்டான். ஸ்டிக் முன்னால் நிற்காமல் வலப்பக்கம் சாய்ந்து நின்றது. அவன் ஸ்டிக் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டான். கெடவில்லை. மோட்டாருக்குப் போகும் இரண்டு அச்சுகளும் இடம் மாறியிருந்தன, முன்பின்னுக்கான கட்டளை பக்கவாட்டு மோட்டாருக்குப் போய்க்கொண்டிருந்தது. டிசிஎஸ்ஸில் ஃபோர்ஸ் ஃபீட்பேக்கைச் சரிசெய்யும் சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அதில் அச்சுகளை மாற்றிப்போட ஒரு கட்டமும், திசையைத் தலைகீழாக்க இரண்டு கட்டங்களும் இருக்கின்றன. மாற்றிப்போட்டோம், சரியாகிவிட்டது. திசை தலைகீழாக இருந்தால் இன்னும் மோசம்: முன்னால் வைத்து டிரிம் போட்டால் ஸ்டிக் பின்னால் ஓடும்.

அந்தச் சைடுவிண்டரில் கைப்பிடியில் ஒரு சின்ன ஒளி உணரி இருக்கிறது. கை பிடித்திருக்கிறதா என்று அது பார்க்கும். கையை எடுத்தால் மோட்டார் நின்றுவிடும். பாதுகாப்புக்காக வைத்ததுதான். ஆனால் டிரிம் நிற்கிறதா என்று கையை எடுத்துப் பார்க்கிறவர்களுக்கு ஸ்டிக் தொய்ந்து விழுவதுதான் தெரியும், டிரிம் வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். கறுப்பு டேப் ஒட்டி உணரியை மூடினால் கை இல்லாவிட்டாலும் மோட்டார் பிடித்து நிற்கும். மூடியவர்கள் விளையாடி முடித்ததும் மின்சுவிட்சை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மோட்டார் சும்மாவே சூடேறிக்கொண்டிருக்கும். இன்னொன்று: பழையதை அமெரிக்காவிலிருந்து வரவழைக்கிறவர்கள் அடிப்பகுதி லேபிளைப் படிக்காமல் நம் வீட்டுப் பிளக்கில் செருகாதீர்கள். அங்கே விற்றது 120 வோல்ட்டுக்கானது, நம்முடையது அதைப்போல இரண்டு மடங்கு.

இன்னொரு குறை கண்ணுக்கு எளிதில் தெரியாது. இந்த ஸ்டிக்குகளுக்குச் சிமுலேட்டர் ஓடாத நேரத்திலும் தானாக நடுவுக்கு வரும் இழுப்பு ஒன்று உண்டு. சிமுலேட்டர் தொடங்கியதும் அது அணைந்துவிட வேண்டும். அணையாவிட்டால் இரண்டு இழுப்பும் ஒரே நேரத்தில் வேலை செய்யும், ஸ்டிக் டிரிம் போட்ட இடத்துக்கும் பழைய நடுவுக்கும் இடையில் எங்கோ போய் நிற்கும். பைலட் எத்தனை தடவை டிரிம் போட்டாலும் ஹெலிகாப்டர் மெல்ல மூக்கைத் தூக்கிக்கொண்டே இருக்கும். அதேபோல, பறந்துகொண்டிருக்கும்போது கணினித் திரையில் வேறு சன்னலுக்குப் போய்த் திரும்பினால் ஸ்டிக்கின் மேல் சிமுலேட்டருக்கு இருந்த பிடி போய்விடும், ஸ்டிக் செத்துப்போனது போலக் கிடக்கும். வாட்சாப் பார்க்கப் போய்வந்த பிறகு டிரிம் போய்விட்டது என்று என் அக்கா மகன் சொன்னதெல்லாம் இதனால்தான்.

பொத்தானை விடும் அந்தக் கணத்தையும் கவனிக்க வேண்டும். உண்மையான ஹூயியில் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்போதே ஸ்டிக் தளர்ந்துவிடும். சில சிமுலேட்டர்களில் அப்படி இல்லை: அழுத்திப் பிடித்திருந்தாலும் பழைய நடுவை நோக்கி மோட்டார் இழுத்துக்கொண்டே இருக்கும், விட்ட பிறகுதான் புதிய நடு வரும். அதனால் இழுப்பை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருந்த கை, இழுப்பு திடீரென்று மறைந்ததும் தன் பலத்திலேயே முன்னால் போய்விடும். ஹெலிகாப்டர் ஒரு குலுங்கு குலுங்கும். இதற்கு, டிரிம் இழுப்பின் பலத்தைக் குறைத்து வையுங்கள். புதிதாக வரும் சில ஸ்டிக்குகளில் இந்த வேலையைச் சிமுலேட்டரிடம் விடாமல் ஸ்டிக்கின் சொந்த மென்பொருளே பார்த்துக்கொள்கிறது, பொத்தான் அழுந்தியிருக்கும் வரை மோட்டார் முழுதாகத் தளர்ந்துவிடும். அது உண்மைக்கு மிக அருகில் வருகிறது. விலைதான் பல ஆயிரம் ரிங்கிட்.

அப்பாச்சி ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிசிஎஸ்ஸில் இருக்கும் அப்பாச்சியான ஏஎச்-64டி-இல் ஃபோர்ஸ் ஃபீட்பேக்கைப் போட்டால் மட்டும் போதாது, டிரிம் உடனே ஏறும் முறையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ரஷ்யக் கா-50 ஹெலிகாப்டரில் அதே பொத்தான் பெடலையும் சேர்த்து டிரிம் செய்யும்படி ஒரு விருப்பம் இருக்கிறது. பெடலுக்கு மோட்டார் கிடையாது, ஸ்பிரிங்தான். அந்த விருப்பம் போட்டிருந்தால் கையில் ஒழுங்காக நடந்தது காலில் நடக்காது; பொத்தானை விட்டதும் மூக்கு பக்கவாட்டில் திரும்பும்.

நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு நான் கேட்பது ஒரு சோதனைதான். முதல் பிள்ளை உட்காருவதற்கு முன் ஹெலிகாப்டரைத் தரையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டிசிஎஸ் என்றால் வலப்பக்கக் கண்ட்ரோல் விசையையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால் ஸ்டிக்கின் நிலையைக் காட்டும் சிறிய கட்டம் திரையில் வரும். ஸ்டிக்கைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, டிரிம் பொத்தானை அழுத்தி விடுங்கள். திரையில் இருக்கும் குறி அசையக்கூடாது. இப்போது கையைத் தளர்த்துங்கள், ஸ்டிக்கும் அங்கேயே நிற்க வேண்டும், குறியும் அங்கேயே நிற்க வேண்டும். குறி இன்னும் முன்னால் ஓடினால் ஃபோர்ஸ் ஃபீட்பேக் கட்டத்தில் டிக் இல்லை. ஸ்டிக் பக்கவாட்டில் போனால் அச்சு மாறியிருக்கிறது. டிரிம்மை அழிக்கும் பொத்தான் எது என்பதையும் பார்த்து, அதைப் பிள்ளைகளின் விரலுக்கு எட்டாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். வேகமாகப் போகும்போது அது தவறி அழுந்தினால் ஸ்டிக் தானாக நடுவுக்குப் பாயும், மூக்கு வானத்தைப் பார்க்கும், பிள்ளை பயந்துவிடும்.

சரிசெய்ய நேரமே இல்லையென்றால் அன்றைக்கு டிரிம்மை விட்டுவிடுங்கள். தவறான டிரிம்மோடு ஓட்டுவதைவிட டிரிம் இல்லாமல் ஓட்டுவது மேல். உண்மையான பைலட்டுகளிலும் அந்தரத்தில் நிற்கும்போது பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அடிக்கடி தட்டித் தட்டி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபோர்ஸ் ஃபீட்பேக் வாங்க வசதியில்லை என்று கவலைப்படாதீர்கள். திறந்து பார்க்கக்கூடிய ஜாய்ஸ்டிக்காக இருந்தால், நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஸ்டிக் விழாமல் நிற்கும் அளவுக்கு உராய்வு மட்டும் வைத்தால் போதும். விட்ட இடத்தில் நிற்கும் ஸ்டிக்குக்கு டிரிம்மே தேவையில்லை. டிசிஎஸ்ஸில் கா-50, மி-8 இரண்டிலும் ஸ்பிரிங் இல்லாத ஸ்டிக்குக்கென்றே தனி விருப்பம் வைத்திருக்கிறார்கள். லோ யாட் கணினிக் கடைத்தொகுதிக்குப் போய் விலையுயர்ந்ததைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன் ஒரு திருப்புளியோடு இதைச் செய்து பாருங்கள். உத்தரவாதக் காலம் முடிந்த ஸ்டிக்காக இருந்தால் நல்லது.

விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு நீளமான கடிதமா என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டு விமானப்படையில் நூரி ஹெலிகாப்டர் 1968 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. தீயணைப்பு மீட்புப் படையிலும் ஹெலிகாப்டர்கள் பறக்கின்றன. எண்ணெய் மேடைகளுக்கு ஆட்களை ஏற்றிப்போவது ஹெலிகாப்டர்தான். இந்த வேலைகளுக்கு ஆட்கள் வேண்டும். பயிற்சிக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டாலே பின்வாங்கும் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு, ஹெலிகாப்டர் எப்படி இருக்கும் என்று கையால் தெரிந்துகொள்ளக் கிடைக்கும் வாய்ப்பு இப்படிப்பட்ட மண்டப மூலைதான். அங்கே சாதனத்தின் தவறை அவர்கள் தலையில் கட்டி, "உனக்கு வராது" என்று அனுப்பினால் அதை அவர்கள் நம்பிவிடுவார்கள். அந்த வயதில் பெரியவர் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள்? பைலட்டுகள் பயிலும் பெரிய சிமுலேட்டர்களில் ஸ்டிக்குக்குச் சரியான பாரம் கொடுப்பதற்கென்றே தனி அமைப்பு இருக்கிறது, அது சரியில்லை என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பார்கள். பைலட்டைக் குற்றம் சொல்வதில்லை. நம் பிள்ளைகளுக்கும் அந்த நியாயம் வேண்டும்.

அடுத்த விடுமுறைக்கும் இதேபோன்ற நிகழ்ச்சிகள் வரும் என்று கேள்விப்படுகிறேன். கோலாலம்பூர், சிலாங்கூரில் எங்கே நடந்தாலும், முந்தின நாள் மாலையில் சிமுலேட்டரைப் பொருத்தும்போது என்னைக் கூப்பிட்டால் வந்து சரிபார்த்துத் தருகிறேன், காசு எதுவும் வேண்டாம். என் தொலைபேசி எண்ணை உங்கள் ஆசிரியர் பகுதியில் கொடுத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குத் தயவுசெய்து கொடுத்து உதவுங்கள். ஸ்டிக்கின் மாடல் என்ன, எந்தச் சிமுலேட்டர் என்ற இரண்டையும் முன்கூட்டியே சொன்னால் வேலை சீக்கிரம் முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹெலிகாப்டர் பராமரிப்பாளர்,
செந்தூல், கோலாலம்பூர்.